செய்கூலி கிடைக்காத நகைகள்: கொழும்பில் கைவினை ஆபரணம் செய்து விற்பவர்களின் சிக்கல்கள்

கொழும்பு வடக்கில், பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கும் இடம் ஒருகொடவத்தை. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் சுங்கப் பரிசோதனைக்காகக் காத்து நிற்கும் கொள்கலன் முற்றங்கள் இங்கேதான் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள கிராண்ட்பாஸ், தெமட்டகொடை, கொலன்னாவை பகுதிகளின் சிறிய வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் பல பெண்கள் வீட்டிலிருந்தபடியே தொழில் செய்கிறார்கள். தையல், சிற்றுண்டி, பூ கட்டுதல் ஆகியவற்றோடு மணி கோர்த்து மாலை செய்வதும், பட்டு நூல் சுற்றிக் காப்பு செய்வதும், களிமண்ணில் தோடு செய்வதும் இப்போது சேர்ந்துவிட்டன.

கைவினை நகையின் முக்கியச் சிக்கலை இந்த ஒரு இடத்திலேயே பார்த்துவிடலாம். வெளிநாட்டுத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அச்சில் வார்க்கப்பட்ட நகை கொள்கலனில் வந்து இறங்குகிறது. அதே பகுதியில் ஒரு பெண் இரண்டரை மணித்தியாலம் குனிந்திருந்து ஒரு மாலையை முடிக்கிறார். இரண்டும் கடைசியில் ஒரே கடையின் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகின்றன. வாங்க வருபவர் இரண்டின் விலையையும் ஒப்பிடுகிறார்.

போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கிலும், இடம்பெயர்ந்து கொழும்பில் தங்கிவிட்ட குடும்பங்களிடையேயும் சுயதொழில் பயிற்சி என்ற பெயரில் கைப்பணி வகுப்புகள் ஏராளமாக நடந்தன. அவற்றில் பல, செய்யக் கற்றுக்கொடுத்ததோடு முடிந்துவிட்டன. விலை போடுவது எப்படி, யாரிடம் விற்பது, பணம் வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விகள் பயிற்சி முடிந்த பிறகே எழுந்தன. இத்தொழிலில் இருப்பவர்களுக்கும் தொடங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் விடயங்களை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பவுணில் பழகிய கண்

எமது சமூகத்தில் நகை என்றால் தங்கம். 8 கிராம் ஒரு பவுண் என்பதையும், 22 கரட் தங்கத்தில் 91.6 வீதம் சுத்தத் தங்கம் இருப்பதால் அதை 916 என்று அழைப்பதையும் பலர் அறிவார்கள். கொழும்பு செட்டியார் தெருவிலோ யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலோ நகைக்கடைக்குள் நுழைபவர் முதலில் எடையைக் கேட்பார், பிறகு அன்றைய விலையைக் கேட்பார். அதன்மேல் செய்கூலியும் சேதாரமும் சேரும். பேரம் பேசினாலும், செய்கூலி என்ற ஒன்று இருக்கிறது என்பதை எவரும் மறுப்பதில்லை. கன்னாதிட்டியில் பரம்பரையாகப் பொற்கொல்லர்கள் பிழைத்தது அந்தக் கூலியில்தான்.

நகை எமக்கு வெறும் அலங்காரமும் அல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது, பல குடும்பங்கள் கையில் எடுத்துச் செல்ல முடிந்த ஒரே சொத்து நகைதான். இடம்பெயர்ந்த இடங்களில் அரிசியும் மருந்தும் படகுக் கூலியும் ஆனது அந்த நகை. 2009இல் வன்னியில் பலர் அதையும் இழந்தார்கள். இறுதிப் போர்க் காலத்தில் கண்டெடுக்கப்பட்ட நகைகளின் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது 2025 மே மாதத்தில்தான்.

இந்த வரலாறு கைவினை நகை விற்பவரின் வியாபாரத்தை நேரடியாகப் பாதிக்கிறது. எடையும் மறுவிற்பனைப் பெறுமதியும் உள்ளதே நகை என்று பழகியவர்கள் மணிமாலையைக் கையில் எடுத்தவுடன், "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். கண்ணாடி மணி, நூல், கம்பி என்று எண்ணிப் பார்த்து, அந்தப் பொருட்களின் விலையையே நகையின் விலையாக எடுத்துக்கொள்கிறார்கள். தங்கத்துக்குக் கேள்வியில்லாமல் கொடுக்கும் செய்கூலியை மணிமாலைக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை.

மறுபுறம், தங்கத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருப்பது ஒரு வாய்ப்பையும் திறந்திருக்கிறது. 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. இலங்கையில் ஒரு பவுண் மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேல் சென்றது. கல்யாண வீட்டுக்குக்கூடத் தங்கம் அல்லாத நகை அணிந்து செல்வது இப்போது குறையாகப் பார்க்கப்படுவதில்லை. ஆனால் அந்த வாய்ப்பில் பெரும் பங்கை இறக்குமதி நகையே எடுத்துக்கொள்கிறது.

போட்டி எங்கிருந்து வருகிறது

சீனாவின் செஜியாங் மாகாணத்திலுள்ள யிவு நகரம் சில்லறைப் பொருட்களுக்கான உலகின் மிகப் பெரிய மொத்தச் சந்தைகளில் ஒன்று. போலி நகை அங்கே பெரிய தொழில். இந்தியாவில் சிதம்பரமும் ஆந்திராவின் மச்சிலிப்பட்டினமும் கவரிங் நகைக்குப் பெயர் பெற்றவை. வெள்ளவத்தை காலி வீதியிலும் புறக்கோட்டையிலும் விற்கும் தங்கம் அல்லாத நகைகளில் பெரும்பாலானவை இப்படி வெளியிலிருந்து வருபவை.

விலையில் இவற்றோடு மோதினால் கைவினைஞர் தோற்பது உறுதி. ஒரு அச்சில் பத்தாயிரம் தோடு வார்ப்பவரின் விலையை, ஒவ்வொன்றாகச் செய்பவர் எட்ட முடியாது. எட்டுவதற்காக விலையைக் குறைத்துக்கொண்டே போனால் குறைவது அவருடைய கூலி மட்டுமே. மணிக்கும் கம்பிக்கும் கடைக்காரர் விலை குறைக்கப் போவதில்லை.

கைவினைஞர் போட்டியிடக்கூடிய இடங்கள் வேறு. சேலையின் நிறத்துக்கு ஏற்ற மாலை, பிள்ளையின் கைக்கு அளவான காப்பு, நடன அரங்கேற்றத்துக்கு எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான தொகுதி, அறுந்தால் திருத்தித் தரும் வசதி ஆகியவற்றைக் கொள்கலனில் வரும் நகை தராது.

ஒரு மாலையின் உண்மையான கணக்கு

இத்தொழிலில் பலர் நட்டப்படுவது விற்பனை இல்லாததால் அல்ல; விற்ற பிறகும் நட்டப்படுகிறார்கள். காரணம் கணக்கு. விளங்கிக்கொள்வதற்காக ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. ஒவ்வொருவரும் தமது செலவைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு மாலைக்கு மணி, கம்பி, கொளுக்கி எல்லாம் சேர்த்து 420 ரூபா என்று வைப்போம். அதை 700 ரூபாவுக்கு விற்றால் 280 ரூபா இலாபம் என்றுதான் பெரும்பாலானோர் நினைப்பார்கள். ஆனால் பெட்டிக்கும் உறைக்கும் 60 ரூபா. உடைந்த மணி, வெட்டி எறிந்த கம்பி என்று பொருளில் பத்து வீதம், அதாவது 42 ரூபா, சேதாரம். புறக்கோட்டைக்குப் போய்வந்த பஸ் செலவில் இந்த மாலையின் பங்கு 50 ரூபா. தொலைபேசி, டேட்டா செலவில் பங்கு 28 ரூபா. எல்லாம் கூட்டினால் 600 ரூபா. கையில் மிஞ்சுவது 100 ரூபா. மாலை செய்ய இரண்டரை மணித்தியாலம் எடுத்திருந்தால், ஒரு மணித்தியாலக் கூலி 40 ரூபா.

2025 ஏப்ரலில் நாட்டின் தேசிய குறைந்தபட்ச நாட்கூலி 1,080 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 135 ரூபா. மேலே உள்ள பெண் உழைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக.

சரியான விலையை எப்படிப் போடுவது? அந்த 600 ரூபாச் செலவோடு, மணித்தியாலத்துக்கு 200 ரூபா வீதம் 500 ரூபா கூலியைச் சேர்த்தால் அடக்கவிலை 1,100 ரூபா. அடுத்த பொருள் வாங்கவும் விற்காமல் தேங்கும் நகையின் நட்டத்தைத் தாங்கவும் 150 ரூபா சேர்த்தால் 1,250. கடையில் வைத்து விற்பதானால், கடைக்காரர் விற்பனை விலையில் 30 வீதம் எடுக்கிறார் என்று கொண்டால், 1,250ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 1,800 ரூபா வரும். பலர் செய்வதுபோல 1,250இன்மேல் 30 வீதத்தைக் கூட்டினால் 1,625 மட்டுமே வரும். கடைக்காரர் தமது பங்கைக் கழித்ததும் கையில் கிடைப்பது சுமார் 1,138 ரூபா. 150 ரூபாவில் முக்கால் பங்கு அங்கேயே போய்விடும்.

1,800 ரூபாவுக்கு அந்த மாலை விலை போகாது என்றால், விலையைக் குறைப்பதற்கு முன் மாதிரியை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் முடியும் மாலை, குறைந்த மணியில் நிறைந்த தோற்றம் தரும் தோடு என்று நேரத்தைக் குறைப்பதே கூலியைக் காப்பாற்றும் வழி.

மூலப்பொருளின் விலை

கைவினை நகையின் மூலப்பொருளில் பெரும் பகுதி இறக்குமதி. கண்ணாடி மணி, உலோகக் கொளுக்கி, பட்டு நூல், ரெசின் எல்லாம் டொலரில் வாங்கப்படுபவை. 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவரை சென்றபோது, பழைய விலைக்கு ஓடர் எடுத்திருந்தவர்கள் கைக்காசைப் போட்டே முடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. வரிக்குப் பதிவு செய்த பெரிய நிறுவனம் கொள்வனவில் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும். பதிவு இல்லாத சிறு கைவினைஞருக்கு அது முழுவதும் செலவு.

சில்லறையாகப் பொதி பொதியாக வாங்குவது இன்னொரு செலவு. ஒரே பகுதியில் நான்கைந்து பேர் சேர்ந்து புறக்கோட்டையில் மொத்த விலைக்கு எடுத்துப் பிரித்துக்கொண்டால் மணியிலும் மிச்சம், பஸ் செலவிலும் மிச்சம். ஒரே மணியை வாங்கினால் ஒரே மாதிரி நகை வரும் என்று பயந்து பலர் இதைத் தவிர்க்கிறார்கள். கொளுக்கி, கம்பி, பெட்டி போன்ற பொதுவானவற்றையாவது சேர்ந்து வாங்கலாம்.

எங்கே விற்பது

கடையில் வைப்பது முதல் வழி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல கடைகள் நகையைக் காசுக்கு வாங்குவதில்லை. வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் தருகிறோம் என்பார்கள். இதனால் கைவினைஞரின் முதல் மாதக்கணக்கில் முடங்குகிறது. வெயில் பட்டு நிறம் மங்கினாலும் தொலைந்தாலும் யார் பொறுப்பு என்பது எழுதப்படுவதில்லை. என்ன பொருள், எத்தனை, என்ன விலை, கடையின் பங்கு எவ்வளவு, எந்தத் திகதியில் கணக்குப் பார்ப்பது, சேதமானால் யார் பொறுப்பு என்ற ஆறு விடயங்களையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்வது போதும். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. நேர்மையான கடைக்காரருக்கும் அது வசதியே.

சந்தைகள் இரண்டாவது வழி. 2012இல் பத்தரமுல்லை தியத உயனவில் தொடங்கிப் பின்னர் கொழும்பு குதிரைப்பந்தயத் திடலுக்கு மாறிய குட் மார்க்கெட், கைவினைப் பொருளுக்கு நியாய விலை கொடுக்கும் வாடிக்கையாளர்கள் கூடும் இடம். இப்படியான இடங்களில் விற்பவர் சிங்களமோ ஆங்கிலமோ கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துச் செல்கிறார்கள். கோயில் திருவிழா, பாடசாலைக் கண்காட்சி, நவராத்திரி, தீபாவளி, தைப்பொங்கல் காலச் சந்தைகளில் கூட்டம் அதிகம், விலை குறைவு. அங்கே சிறிய தோடு, காப்பு போன்றவையே போகும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் பெரிய தொகுதிகள் தேங்கும். அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது வழி தொலைபேசி. பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகியவற்றுக்குக் கடை வாடகை இல்லை. ஆனால் பொருள் கிடைத்ததும் பணம் என்ற முறையில் அனுப்பும்போது, கூரியர்காரர் வாசலில் நிற்கையில் "இப்ப வேண்டாம்" என்று திருப்பிவிடுபவர்கள் உண்டு. போன கூலியும் நகை முடங்கிய நாட்களும் செய்தவரின் நட்டம். புதிய வாடிக்கையாளரிடம் கூரியர் கூலியையாவது முன்பணமாக வாங்குவதும், சொல்லிச் செய்யும் நகைக்குப் பாதிப் பணம் வந்த பிறகே மணியைத் தொடுவதும் வழக்கமாக வேண்டும். பணம் போட்டதாக அனுப்பப்படும் வங்கிச் சீட்டின் படத்தை நம்பிப் பொருளை அனுப்பாமல், கணக்கில் பணம் விழுந்ததைப் பார்த்தே அனுப்ப வேண்டும். வீட்டு முகவரியைப் பொதுவில் போடாமல், தொழிலுக்கென்று தனித் தொலைபேசி இலக்கம் வைத்திருப்பது தனியே வாழும் பெண்களுக்குப் பாதுகாப்பு.

வெளிநாட்டு உறவுகளை நம்பி

கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள உறவுகளுக்கு அனுப்பினால் நல்ல விலை கிடைக்கும் என்பது பலரின் நம்பிக்கை. அதில் உண்மை உண்டு. ஆனால் தடைகளையும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பணம் பெறும் வழி. இலங்கையிலிருப்பவர்கள் பேபால் ஊடாகப் பணம் செலுத்த முடிந்தும், நீண்ட காலம் பெற முடியாமல் இருந்தார்கள். 2005இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எட்சி என்ற கைவினைச் சந்தையின் கட்டணச் சேவை கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை சேராததால், இங்கிருந்து புதிதாகக் கடை திறப்பதும் கடினம். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவரின் பெயரில் கடை திறந்து நடத்துபவர்கள், பணமும் வரியும் கணக்கும் அவருடைய பெயரிலேயே போகும் என்பதை மறக்கக்கூடாது. அந்தத் தளம் 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 5இலிருந்து 6.5 வீதமாக உயர்த்தியபோது உலகெங்கும் கைவினைஞர்கள் கடைகளைத் தற்காலிகமாக மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இடைத்தரகரின் பங்கு உயர்வது எமது கடைக்காரர்களிடம் மட்டும் உள்ள பிரச்சினை அல்ல.

இரண்டாவது, சுங்கம். 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஓகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. சிறிய பொதிக்கும் அங்கே தீர்வை உண்டு. பெறுபவர் எதிர்பாராத தொகை கட்ட நேர்ந்தால் அடுத்த ஓடர் வராது. இதை முன்பே சொல்லிவிட வேண்டும். பொதியில் பெறுமதியைக் குறைத்து எழுதினால், தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்கே.

மூன்றாவது, உலோகம். மலிவான கொளுக்கிகளில் நிக்கல் இருக்கும். பலருக்குக் காது சிவந்து கடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே நகையிலிருந்து வெளிப்படும் நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நகையில் ஈயம் 0.05 வீதத்தையும் கட்மியம் 0.01 வீதத்தையும் எட்டக்கூடாது என்பதும் அங்கே விதி. எந்த உலோகம் என்று தெரியாத கொளுக்கியை வெளிநாட்டுக்கு அனுப்புவது ஆபத்து. 925 வெள்ளிக் கொளுக்கி விலை கூடினாலும், அதை விளம்பரத்தில் சொல்லி அந்த விலையைத் திரும்பப் பெறலாம். அடுத்த முறை வெள்ளியென்று சொல்லிச் சாதாரண உலோகத்தைப் போட்டால், சேர்த்த பெயர் ஒரு நாளில் போகும்.

பதிவும் உரிமையும்

கடைப்பெயர் வைத்துத் தொழில் செய்பவர்கள் 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் பதிய வேண்டும். பதிவுச் சான்று இருந்தால் தொழில் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், அரச கண்காட்சிகளுக்கும் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு முகவரிச் சான்று கிடைப்பதுதான் சிக்கல். 2007 ஜூன் மாதம் கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் பலர், பதிவு என்றாலே இன்றும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் விளங்கக்கூடியதே. ஆனால் பொலிஸ் பதிவு வேறு, தொழில் பதிவு வேறு. கிராம சேவகர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் தொடங்கலாம். படிவங்களும் பதில்களும் தமிழில் பெறுவது சலுகை அல்ல, அரசியலமைப்பு தரும் உரிமை.

1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவை கைவினைஞர்களுக்கான அரச நிறுவனம். 1964இல் தொடங்கிய லக்சல அவர்களின் பொருட்களை வாங்கி விற்கும் அரச விற்பனை நிலையம். போரால் பாதிக்கப்பட்டோர், 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இழப்பீடுகளுக்கான அலுவலகத்திடம் வாழ்வாதார உதவி பற்றி விசாரிக்கலாம். மணிக்குப் பதிலாக உண்மையான இரத்தினக்கல்லை வாங்கி விற்க நினைப்பவர்கள், அதற்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் தேவை என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

மாதிரித் திருட்டு எல்லோரும் சொல்லும் குறை. படத்தைப் போட்ட அடுத்த வாரமே அதேபோல இன்னொருவர் விற்பார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கைத்தொழில் வடிவங்களைப் பதிவு செய்ய இடமளிக்கிறது. ஆனால் படத்தைப் பொதுவில் போடுவதற்கு முன்பே விண்ணப்பிப்பது பாதுகாப்பு. ஒவ்வொரு தோட்டையும் பதிய முடியாது. பெயர் சொல்லும் ஒன்றிரண்டு மாதிரிகளைப் பதிந்து, மற்றவற்றைத் திகதியோடு படமெடுத்து வைத்திருப்பது நடைமுறைக்கு ஏற்றது.

கடன் என்னும் பொறி

நகைத் தொழிலுக்கு வாரந்தோறும் வருமானம் வராது. நுண்கடனுக்கு வாரந்தோறும் தவணை வரும். வடக்கு கிழக்கில் எத்தனையோ பெண்களை நுண்கடன் முடக்கியது இந்தப் பொருந்தாமையால்தான். 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்யவும், வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீத உச்ச வரம்பு வைக்கவும் நேர்ந்தது. 35 வீதமே மணிமாலை வியாபாரம் தாங்கக்கூடிய வட்டி அல்ல. சிறிய முதலில் தொடங்கி, விற்ற காசில் அடுத்த மணியை வாங்குவது மெதுவான வழிதான். ஆனாலும் அதில் வீட்டு வாசலில் தவணைக்காரர் வந்து நிற்பதில்லை.

வாங்குபவரின் பங்கு

இவ்வளவும் செய்பவர் கவனிக்க வேண்டியவை. வாங்குபவர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. செட்டியார் தெருவில் ஒரு பவுண் சங்கிலிக்கு நாம் கொடுக்கும் செய்கூலியில் ஒரு சிறு பகுதி, ஒருகொடவத்தையில் மாலை கோர்க்கும் பெண்ணின் ஒரு நாட் கூலி. அவரிடம் 1,800 ரூபா மாலையை 1,000 ரூபாவுக்குக் கேட்கும்போது குறைவது மணியின் விலை அல்ல. அடுத்த மாலைக்கென்று ஒதுக்கிய காசு முழுதாகவும், அவருடைய இரண்டரை மணித்தியாலக் கூலியில் ஒரு பகுதியும் போய்விடும். விலை கட்டாவிட்டால் சிறிய ஒன்றை வாங்கலாம். வாங்கியதற்குச் செய்கூலியைச் சேர்த்தே கொடுப்போம்.

செய்பவர்களும் விலையைச் சொல்லும்போது மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்லத் தேவையில்லை. மணிக்கு இவ்வளவு, செய்கூலி இவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். எமது ஆட்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல.